பெயருக்குக் கீழே ‘ஷி/ஹர்’: கட்டாயமா, விருப்பமா, வேண்டவே வேண்டாமா?

இரண்டு மாதமாக எங்கள் அலுவலகத்தில் இந்தப் பேச்சுதான். மின்னஞ்சலின் அடியில் பெயர், பதவி, ஃபோன் நம்பர் போடுகிறோமே, அதோடு சேர்த்து ‘ஹி/ஹிம்’, ‘ஷி/ஹர்’, ‘தே/தெம்’ (ஆண், பெண் என்று பிரிக்காத பொதுச்சொல்) என்று நம்மை எப்படிச் சுட்ட வேண்டும் என்பதையும் எழுத வேண்டுமா? சென்னை ஓ.எம்.ஆரில் இருக்கும் நடுத்தர அளவு கம்பெனி எங்களுடையது, தலைமையகம் வெளிநாட்டில். இந்திய அலுவலகம் தனக்கு எது சரியோ அதை முடிவு செய்துகொள்ளலாம் என்று அங்கிருந்து சொல்லிவிட்டார்கள். முடிவு செய்ய ஐந்து பேர் கொண்ட குழு போட்டார்கள், அதில் நானும் ஒருத்தி. இதே கேள்வி உங்கள் அலுவலகத்துக்கும் வந்திருக்கலாம், வரலாம். அதனால் நாங்கள் எந்தெந்த வழிகளைப் பார்த்தோம், எதை எதற்காகத் தள்ளினோம் என்று எழுதி வைக்கிறேன்.

இந்தப் பழக்கம் நம் மேசைக்கு எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2021ஆம் ஆண்டில் லிங்க்ட்இன், ஜூம், இன்ஸ்டாகிராம் மூன்றுமே பெயருக்குப் பக்கத்தில் ப்ரோனவுன், அதாவது இந்த ‘ஹி’, ‘ஷி’ போன்ற சுட்டும் சொல், எழுத இடம் கொடுத்தன. அமெரிக்க, ஐரோப்பிய கம்பெனிகள் அதற்கு முன்பே தங்கள் ஊழியர்களை எழுதச் சொல்ல ஆரம்பித்திருந்தன, அவர்களுடைய சென்னை, பெங்களூரு கிளைகளும் பின்னாலேயே போயின. அப்புறம் 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய அரசு தன் ஊழியர்களிடம், மின்னஞ்சல் கையெழுத்திலிருந்து (அடியில் பெயர், பதவி வரும் பகுதி) ப்ரோனவுனை மாத இறுதிக்குள் எடுத்துவிடுங்கள் என்று உத்தரவு போட்டது. நான்கு வருட இடைவெளியில் ஒரே நாட்டில் ‘போடு’ என்றும் ‘எடு’ என்றும் இரண்டும் வந்துவிட்டது. அங்கே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் நாமும் சாய்ந்தால் நடுவில் மாட்டிக்கொள்வது இங்கே வேலை பார்க்கும் மனிதர்கள்தான். எந்த முடிவாக இருந்தாலும் அதற்கான காரணம் நம் ஊரில் இருக்க வேண்டும் என்பதில் குழுவில் ஐந்து பேருக்கும் ஒரே கருத்து.

எனக்கே இதனால் ஒரு சின்ன லாபம் உண்டு. தமிழ்நாட்டில் நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயராகிவிடுகிறது. வெளிநாட்டு வாடிக்கையாளர் எனக்கு எழுதும் முதல் மெயில் பெரும்பாலும் என் அப்பா பெயருக்கு முன்னால் ‘மிஸ்டர்’ போட்டுத்தான் வரும். மணி, ஜோதி, தங்கம், தமிழ் என்றெல்லாம் பெயர் இருப்பவர்கள் பாடு இன்னும் கஷ்டம், அது ஆணா பெண்ணா என்று நமக்கே முகம் பார்க்காமல் சொல்ல முடியாது, அமெரிக்காவில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? ‘ஷி/ஹர்’ என்று ஒரு வரி இருந்தால் அந்தக் குழப்பம் அங்கேயே தீரும். ஆனால் எனக்கு இது இரண்டு நிமிடச் சங்கடம். ஒரு திருநங்கைக்கோ திருநம்பிக்கோ (பெண் என்று வளர்க்கப்பட்டு ஆணாக வாழ்பவர்) இது காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஆறரை வரை ஓயாமல் நடப்பது.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு திருநம்பி இருந்தார். டீமில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார், பெயரையும் மாற்றிக்கொண்டார். மேனேஜர் மட்டும் ஒவ்வொரு மீட்டிங்கிலும் ‘ஷி’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். முதல் மூன்று முறை இவர் திருத்தினார், அப்புறம் திருத்துவதை விட்டுவிட்டார், அப்புறம் மீட்டிங்கில் பேசுவதையே விட்டுவிட்டார், எட்டாவது மாதம் ராஜினாமா. நல்ல வேலைக்காரர். அந்த எட்டு மாதமும் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், ஒரு முறை கூட ‘அவர் ஹி’ என்று நான் சொல்லவில்லை. இந்தக் குழுவில் சேரச் சொன்னபோது நான் உடனே சரி என்றதற்கு அதுதான் காரணம்.

சரி, வழிகளுக்கு வருகிறேன்.

எல்லோரும் கட்டாயம் போட வேண்டும் என்பது முதல் வழி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எல்லோர் பெயருக்குக் கீழும் ஒரு வரி இருந்தால் யார் எதற்குப் போட்டார்கள் என்று யாரும் யாரையும் உற்றுப் பார்க்க மாட்டார்கள், தேவைப்படுபவர் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடலாம். நானும் முதலில் இதற்குத்தான் கை தூக்கினேன். என் எண்ணத்தை மாற்றியது கருத்துப் பெட்டியில் பெயர் போடாமல் வந்த ஒரு தாள். எழுதியவர் தன்னைப் பற்றி இன்னும் யாரிடமும் சொல்லாதவர். கட்டாயம் என்று வந்தால் ஒன்று தினமும் என் கையாலேயே என்னைப் பற்றிப் பொய் எழுத வேண்டும், இல்லையென்றால் ஒரே வாரத்தில் வீட்டுக்குச் சேதி போய்விடும், இதில் எதை எடுக்கச் சொல்கிறீர்கள் என்று கேட்டிருந்தார். நம் ஊரில் இது மிகையான பயம் இல்லை. அத்தை பையன் இதே கட்டடத்தில் மூன்றாவது மாடியில் வேலை பார்ப்பான், பாதி நாள் வீட்டிலிருந்து வேலை, ஜூம் திரையில் பெயருக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா எட்டிப் பார்ப்பார், கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். ஒருவர் எப்போது, யாரிடம், எந்த வார்த்தையில் சொல்வது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும், எச்.ஆர். அனுப்பும் கெடு தேதி அதை முடிவு செய்யக் கூடாது. யாரைக் காப்பாற்ற விதி போடுகிறோமோ அவரையே அது முதலில் நெருக்குகிறது என்றால் அந்த விதி வேண்டாம்.

இன்னொன்றும் கவனித்தேன். விருப்பமில்லாதவரைக் கட்டாயப்படுத்தினால் அந்தக் கட்டத்தில் கேலியாக எதையாவது எழுதிவிட்டுப் போகிறார்கள். அந்தக் கேலியைத் தேவைப்படுபவர்தான் தினம் படிக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது வழி, இதெல்லாம் நமக்கு வேண்டவே வேண்டாம் என்பது. இதைச் சொன்னவர் குழுவிலேயே வயதில் மூத்தவர், கெட்ட எண்ணத்தில் சொன்னவர் இல்லை. இது இங்கிலீஷுக்கு இருக்கும் சிக்கல், நம் தமிழில் ‘அவர்’ என்று சொன்னால் முடிந்தது, ஆணுக்கும் அதுதான், பெண்ணுக்கும் அதுதான், நாம் எதற்கு இரவல் தலைவலியை வாங்க வேண்டும் என்றார். எனக்கு இந்த வாதம் பிடித்திருந்தது, அதனால்தான் ஒரு வாரம் அதையே யோசித்தேன்.

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒருவரை ‘தே’ என்று சொல்வது இலக்கணப் பிழை என்று சண்டை போடுகிறார்களே, அந்தச் சண்டையைத் தமிழ் எப்போதோ முடித்துவிட்டது. ‘அர்’ பலர்பால் விகுதி, பலரைச் சொல்ல வந்தது. அதை ஒருவருக்கே மரியாதையாகச் சொல்லிச் சொல்லி ‘அவர் வந்தார்’ ஒருமையாகவே ஆகிவிட்டது, பன்மைக்கு மேலே ஒரு ‘கள்’ ஒட்டி ‘அவர்கள்’ ஆக்கிக்கொண்டோம், பிறகு அந்த ‘அவர்களை’யும் மேடையில் ஒற்றை ஆளுக்கே சூட்டுகிறோம். ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் உயர்த்திச் சொல்வது, இலக்கணப்படி சொல்லும் முறை அல்ல என்று தொல்காப்பியமே கிளவியாக்கம் என்ற இயலில் குறித்து வைத்திருக்கிறது. இலக்கணம் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் மக்கள் மரியாதைக்காகப் பேசினார்கள், கடைசியில் அதுவே இலக்கணமாகவும் ஆனது. ‘தே’ என்று ஒருவரைச் சொல்ல நாக்கு வரவில்லை என்று தமிழர் யாராவது சொன்னால் நான் இதைத்தான் ஞாபகப்படுத்துவேன்.

ஆனால் அந்த மூத்தவர் சொன்னது எழுத்துத் தமிழ். நாம் அலுவலகத்தில் பேசுவது அது இல்லையே! பேச்சில் ‘அவரு’ என்றால் ஆண், ‘அவங்க’ என்றால் பெண், குறைந்தபட்சம் சென்னையில் அப்படித்தான். “மேனேஜர் எங்கே?” என்று கேட்டு “அவரு லஞ்சுக்குப் போயிருக்காரு” என்றால் கேட்டவர் ஓர் ஆணைத்தான் நினைத்துக்கொள்வார். தெற்கே ‘அவுக வந்தாக’ என்பதில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. என் பாட்டி சிவகங்கைப் பக்கம், தாத்தாவையும் அவுக என்பார், பக்கத்து வீட்டு டீச்சரையும் அவுக என்பார். ஓ.எம்.ஆரில் அது வழக்கொழிந்துவிட்டது. இதையெல்லாம் தாண்டி இன்னொன்று இருக்கிறது, சொல்லவே கூசும். தெருவில், பஸ்ஸில், சில சமயம் நம் கேன்டீனிலும், திருநங்கைகளை ‘அது’ என்கிறார்கள். ‘அது வருது பாரு.’ உயர்திணையிலிருந்தே தள்ளிவிடுவது. இதற்கும் பழைய தடயம் உண்டு. ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயருக்குத் தனி விகுதி இல்லாவிட்டாலும் உயர்திணை முடிபையே அது ஏற்கும் என்றது தொல்காப்பியம். பின்னால் வந்த நன்னூல், ஆண்பாலாகவும் பெண்பாலாகவும் சொல்லிவிட்டு, அஃறிணை போலவும் வரும் என்று ஒரு வாசலைத் திறந்துவிட்டது. தமிழில் இந்தச் சிக்கலே இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? ‘அவர்’ நம்மிடம் இருப்பது உண்மை, அதை யாருக்குக் கொடுக்கிறோம், யாருக்குக் கொடுக்க மறுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. போதாததற்கு எங்கள் மெயில் முழுக்க ஆங்கிலம், அதில் ‘அவர்’ வந்து யாரையும் காப்பாற்றப் போவதில்லை.

வேண்டவே வேண்டாம் என்பதை ஒரு தடையாக எழுதினால் இன்னும் மோசம். இப்போதே தன் பெயருக்குக் கீழே எழுதி வைத்திருக்கும் ஏழெட்டுப் பேரிடம் போய் அழித்துவிடு என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் அவர்களுக்கு என்ன கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவதாக ஒருவர் புத்திசாலித்தனமான ஒரு யோசனை சொன்னார், ப்ரோனவுனையே தவிர்த்துவிடலாம், எல்லோரையும் பெயர் சொல்லியே எழுதலாம், தவிர்க்க முடியாத இடத்தில் எல்லோருக்கும் ‘தே’. கையேடு, அப்ரைசல் படிவம், வேலை விளம்பரம் போன்றவற்றுக்கு இது அருமையான வழி. எங்கள் படிவங்களில் ‘ஹி’ என்று மட்டும் இருந்த இடங்களையெல்லாம் ஒரே மதியத்தில் மாற்றிவிட்டோம், யாரும் முணுமுணுக்கவில்லை. ஆனால் மனிதருக்கு மனிதர் பேசும்போது இது சரிப்படாது. பல வருடம் போராடி, வீட்டை விட்டு வெளியேறி, தன்னைப் பெண் என்று நிலைநாட்டிய ஒரு திருநங்கையிடம் ‘நாங்கள் எல்லோரையும் பொதுவாகத்தான் சொல்வோம்’ என்று ‘தே’ போட்டால் அவர் கேட்ட ஒரே ஒரு சொல்லை மறுத்துவிட்டோம் என்று அர்த்தம். தெரியாதவரைத் தெரியும் வரைக்கும் ‘தே’ என்று எழுதுவது மரியாதை, அவர் ‘ஷி’ என்று சொன்ன பிறகும் ‘தே’ என்றே எழுதிக்கொண்டிருந்தால் அது வேறு விஷயம்.

மிச்சம் இருப்பது விருப்பம் உள்ளவர் போடலாம் என்பது. பெரும்பாலான கம்பெனிகள் இங்கேதான் வந்து நிற்கின்றன, நாங்களும் இங்கேதான் வந்தோம். ஆனால் வெறுமனே ‘விருப்பம்’ என்று எழுதிவிட்டுக் கையைக் கழுவினால் அது பாதி வேலைதான். தேவைப்படுபவர் மட்டும் போடுவார், மற்றவர் போட மாட்டார், அப்போது அந்த ஒரு வரியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். முதலில் சொன்ன அந்த ‘கூட்டத்தோடு கூட்டமாக’ என்பது இங்கே கிடைக்காது. இதற்கு ஒரே மருந்து, இழக்க எதுவும் இல்லாதவர்கள் முதலில் போடுவது. என்னைப் போல யாரும் சந்தேகப்படாத ஆட்கள், டைரக்டர்கள், டீம் லீடுகள். நாங்கள் இருபது பேர் போட்டால் இருபத்தொன்றாவதாகப் போடுபவரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். போடாதவரிடம் ‘ஏன் போடவில்லை’ என்று கேட்கக் கூடாது என்பதையும் விதியிலேயே எழுதச் சொன்னேன். காலியாக விட்டால் அதற்கு எந்த அர்த்தமும் கிடையாது, எதிர்ப்பு என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது, மறைக்கிறார் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மதக் காரணத்துக்காகவோ வெறும் கூச்சத்துக்காகவோ போட விரும்பாதவர் பலர் இருக்கிறார்கள், அவர்களும் எங்கள் சக ஊழியர்கள்தான். தன் பெயருக்குக் கீழே என்ன எழுதுவது, எழுதாமல் விடுவது என்பதில் அவர்களுக்கு முழுச் சுதந்திரம் உண்டு. இன்னொருவர் ‘என்னை இப்படிச் சொல்லுங்கள்’ என்று கேட்ட பிறகு வேண்டுமென்றே மாற்றிச் சொல்லும் சுதந்திரம் மட்டும் யாருக்கும் கிடையாது. வாய் தவறினால் உடனே திருத்திக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தால் போதும், நீளமான மன்னிப்பெல்லாம் கேட்டு அவரையே நமக்கு ஆறுதல் சொல்ல வைக்கக் கூடாது.

இவ்வளவும் கையெழுத்தைப் பற்றி. உண்மையைச் சொன்னால் என் கவலை அதைப் பற்றி மட்டும் இல்லை, கையெழுத்தில் ‘ஷி’ என்று எழுத விட்டுவிட்டு மற்ற எல்லா இடத்திலும் பழைய பெயரே இருந்தால் அந்த ஒரு வரியால் என்ன பயன் என்பதுதான். ஐடி கார்டு, மெயில் முகவரி, சம்பளச் சீட்டு, பி.எஃப்., குழு மருத்துவக் காப்பீடு, நைட் ஷிஃப்ட் கேப் லிஸ்ட். பி.எஃப்.பும் வங்கியும் ஆதாரில் இருக்கும் பெயரைத்தான் கேட்கும், அதில் கம்பெனி ஒன்றும் செய்ய முடியாது, சரி. ஆனால் ஐடி கார்டும் மெயில் முகவரியும் முழுக்க நம் கையில் இருப்பவை. அழைக்கும் பெயருக்குத் தனிக் கட்டம் வைக்க ஐ.டி. டீமுக்கு ஒரு நாள் போதும். கேப் லிஸ்ட் இன்னும் முக்கியம். இரவு பத்து மணிக்கு மேல் பெண்கள் வண்டியில் செக்யூரிட்டி ஒருவர் கூடப் போவார். ஒரு திருநங்கையை ஆண்கள் பட்டியலில் போட்டால் அவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போகிறது, துரைப்பாக்கத்தில் கடைசி ஆளாக இறங்கும்போது வண்டியில் அவரும் டிரைவரும் மட்டும்தான்.

2017இல் கொச்சி மெட்ரோ திருநர்களை வேலைக்கு எடுத்தது, ஊரே பாராட்டியது, ஆனால் அவர்களில் சிலர் தங்க வாடகைக்கு வீடு கிடைக்காமலேயே வேலையை விட்டார்கள். வேலை ஆர்டரில் எல்லாம் சரியாக இருந்தும் ராத்திரி தங்க இடம் இல்லை என்றால் அந்த வேலையில் எத்தனை நாள் நிற்க முடியும்? குழுவில் ஒவ்வொரு யோசனை வரும்போதும் இதை நான் எடுத்துச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சட்டமும் பார்த்தோம். 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) தொடுத்த வழக்கில், ஒருவர் தன் பாலினத்தைத் தானே அடையாளப்படுத்திக்கொள்ளும் உரிமையை ஏற்றது. 2019ஆம் ஆண்டு திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வேலையில் பாகுபாடு கூடாது என்றதோடு, ஒவ்வொரு நிறுவனமும் இதற்கென்று புகார் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்றும் எழுதியது. எங்கள் அலுவலகத்தில் அந்த அலுவலர் யார் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அப்படி ஒருவரை நியமிக்கவே இல்லை. கையெழுத்தில் ப்ரோனவுன் போடுவதைப் பற்றி இரண்டு மாதம் பேசிய நாங்கள் அதை அன்றுதான் கவனித்தோம். எந்தச் சொற்களை எழுதுவது என்பதில் மட்டும் வேலை சுலபமாக இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியதால் தமிழ்நாடு அரசு 2022இல் மரியாதையான சொற்களின் தொகுப்பை அரசிதழிலேயே வெளியிட்டிருக்கிறது, எங்கள் விதியின் தமிழ் வடிவத்துக்கு அதையே எடுத்துக்கொண்டோம்.

அப்புறம், குழுவில் நான் கடைசியாகப் பேசியதும் கொஞ்சம் சத்தமாகப் பேசியதும் தமிழைப் பற்றி. எங்கள் மாடியைப் பெருக்கித் துடைக்கும் அக்காவுக்கு ஐம்பது வயதாவது இருக்கும். இருபத்தைந்து வயதுப் பையன்கள் ‘ஏம்மா, இங்க வா, இதைத் துடை’ என்கிறார்கள். வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணன் ‘அவன்’தான், ‘அவன்கிட்ட சாவி இருக்கும், வாங்கிக்கோ.’ அதே பையன்கள் ஆங்கிலத்தில் வாடிக்கையாளரின் ப்ரோனவுனைச் சரியாகப் பார்த்துப் பார்த்து எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் ப்ரோனவுன் ஆணா பெண்ணா என்பதைச் சொல்கிறது, தமிழில் அது அதையும் சொல்லி, ஆளை எந்த இடத்தில் வைத்திருக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறது. திருநங்கையை ‘அது’ என்பதும் துப்புரவு அக்காவை ‘நீ’ என்பதும் எனக்கு ஒரே இடத்திலிருந்து வருவதாகத்தான் படுகிறது. அதனால் தமிழில் பேசும்போது கட்டடத்துக்குள் இருக்கும் எல்லோருக்கும் ‘நீங்க’, எல்லோருக்கும் ‘அவங்க’, ஆணாக இருந்தாலும் ‘அவங்க’ என்றே பழகலாம் என்று எழுதிக் கொடுத்தேன். யாராவது தனக்கு ‘அவரு’தான் வேண்டும் என்று கேட்டால் ‘அவரு’. நண்பர்களுக்குள் வாடா போடா என்பது அவர்கள் பாடு, அதில் யாரும் கை வைக்கவில்லை. மூத்தவர்தான் இதற்கு முதலில் சரி சொன்னார், அவர் ஊரில் எல்லோரும் அவுகதானாம்.

ஆக, எங்கள் முடிவு, விருப்பம் உள்ளவர் போடலாம், டைரக்டர்களும் டீம் லீடுகளும் முதல் வாரத்திலேயே தங்கள் முடிவைச் செய்துகொள்ளட்டும், போடாதவரை யாரும் கேட்கக் கூடாது, படிவங்களில் பொதுச்சொல், ஐடி கார்டிலும் மெயிலிலும் அழைக்கும் பெயர், கேப் லிஸ்டில் அவரவர் சொல்லும் பாலினம். என் மெயிலில் திங்கட்கிழமையிலிருந்து ‘ஷி/ஹர்’ இருக்கிறது. விதியை மட்டும் இன்னும் எல்லோருக்கும் அனுப்பவில்லை. புகார் அலுவலர் பெயர் அறிவிப்புப் பலகையில் ஏறும் வரைக்கும் அனுப்ப வேண்டாம் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன், ஏனென்றால் பெயர் போடாமல் தாள் எழுதிய அந்த மனிதர் நாளைக்கு யாரிடமாவது பேச நினைத்தால் போய் நிற்க ஓர் ஆள் இருக்க வேண்டும்.